கைராசிக்கு நியூட்டன் மீட்டர் தெரியாது

ஓசூரில் இராயக்கோட்டை சாலை, தளி சாலை, பாகலூர் சாலை என எந்தப் பக்கம் திரும்பினாலும் எஞ்சின் பட்டறைக்குப் பஞ்சமில்லை. தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி நான்கும் ஒரே ஷெட்டுக்குள் புழங்கும். எந்த ஆயில் நல்லது, எந்தக் கேஸ்கட் உழைக்கும் என்று நாள் முழுக்க வாதம் நடக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் நான்கு மொழிக்காரர்களும் ஒத்துப்போவார்கள்: ஹெட் போல்ட்டை டைட் வைக்க நல்ல மெக்கானிக்குக் கை போதும், முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் எல்லாம் கம்பெனிக்காரன் சமாசாரம்.

இதைப் பட்டறைக்காரர்களின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. கிரானைட் டிப்பர் வைத்திருப்பவர், மாங்கூழ் ஆலைக்கு லோடு அடிப்பவர், பதினைந்து வருடக் காரைக் கண்போலக் காப்பாற்றும் வங்கி அதிகாரி என்று எல்லோரும் இதைத்தான் நம்புகிறார்கள். "அவர் கைராசிக்காரர், அவர் பிரிச்சுப் போட்டா மறுபடி பிரிக்கவே வேண்டாம்" என்கிற சிபாரிசில்தான் வண்டி ஒரு ஷெட்டுக்குப் போகிறது. மெக்கானிக் டார்க் ரெஞ்சைக் கையில் எடுத்தால், அனுபவம் போதாதவரோ என்று சந்தேகப்படும் வாடிக்கையாளரும் உண்டு. கொஞ்சம் மிகையான நம்பிக்கை என்று இதற்குச் சலுகை கொடுக்க இடமில்லை. அஸ்திவாரத்திலேயே பிசகிய நம்பிக்கை இது.

ஹெட் போல்ட்டின் வேலை என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். அசோக் லேலண்ட் ஜப்பானின் ஹினோ தொழில்நுட்பத்தில் தயாரித்த 'எச்' சீரிஸ் எஞ்சின் இந்தப் பகுதி மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம். அவர்கள் வாயில் அது வெறும் 'ஹினோ'. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றின் உள்விட்டமும், அதாவது போரும், 104 மில்லிமீட்டர். அந்த வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 85 சதுர சென்டிமீட்டர். அந்த அளவு போர் உள்ள எந்த எஞ்சினிலும், டீசல் எரியும் கணத்தில் உள்ளே 100 பார் அழுத்தம் எழுந்தால் ஒரே சிலிண்டர், தன் மேல்மூடியான ஹெட்டை எட்டரை டன் விசையோடு மேலே தள்ளும். காமன் ரெயில் எரிபொருள் முறை வந்த பிறகு பெரிய டீசல் எஞ்சின்களில் 150 பார் என்பது சர்வசாதாரணம். அப்போது கணக்கு 13 டன்னாகிவிடும். 1,500 ஆர்.பி.எம்.மில் ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 750 முறை இப்படித் தள்ளுகிறது.

இத்தனைக்கும் ஈடுகொடுத்து ஹெட்டைக் கீழே அழுத்திப் பிடிப்பவை சிலிண்டரைச் சுற்றியுள்ள நான்கைந்து போல்ட்டுகள்தான். இறுக்கும்போது போல்ட் மயிரிழை அளவு நீள்கிறது; நீண்டது பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கிறது; அந்தத் துடிப்புதான் பிடிப்பு. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத 10 மில்லிமீட்டர் போல்ட், 10.9 கிரேடாக இருந்தால், நான்கு டன்னுக்கு மேல் இழுத்துப் பிடிக்கும். தேவைக்குக் குறைவாக நீண்டால் ஹெட் நூலளவு தூக்கும், கேஸ்கட் ஊதும், தண்ணீர் ஆயிலில் கலக்கும். அளவுக்கு மேல் நீண்டால் போல்ட் தளர்ந்துபோகும், அல்லது பிளாக்கில் மரை பிய்ந்துவரும். ஒரு பக்கம் அதிகமும் மறுபக்கம் குறைவுமாக இருந்தாலோ ஹெட்டே வளைந்து உட்காரும். பட்டறையில் பார்க்கிற கேஸ்கட் பிரச்சினைகளில் பல இந்த மூன்றாவது வகைதான்; ஆனால் பழி விழுவது கேஸ்கட் கம்பெனியின் தலையில்.

சரி, இதில் கைக்குத் தெரிவது என்ன? கைக்குத் தெரிவது தான் இழுக்கும் விசை மட்டுமே. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியை 20 கிலோ விசையோடு இழுத்தால் போல்ட்டில் விழும் முறுக்கு ஏறத்தாழ 59 நியூட்டன் மீட்டர். அதே ஆள், அதே இழுப்பு, கைப்பிடியில் பைப் செருகி 60 சென்டிமீட்டராக்கினால் 118. கைக்கு இரண்டும் ஒன்றுதான். காலையில் ரிங் ஸ்பானரிலும் மதியம் சாக்கெட் செட்டிலும் மாலையில் பைப் செருகிய ராடிலும் ஒரே 'கை டைட்' வைப்பதாகச் சொல்லும் மேஸ்திரி, உண்மையில் மூன்று வேறு டைட் வைத்துக்கொண்டிருக்கிறார். எஞ்சின் பே-யில் எட்டாத மூலைப் போல்ட்டைக் குனிந்து ஒரு கையால் இழுப்பதும், எட்டும் போல்ட்டை நிமிர்ந்து நின்று உடம்பு எடையைக் கொடுத்து இழுப்பதும் எப்படி ஒன்றாகும்? ஆறு சிலிண்டர் ஹெட்டில் கடைசிச் சுற்றுக்கு வரும்போது தோள் களைத்திருக்கும். களைத்த தோளுக்குக் குறைந்த இறுக்கமே அதிகமாகத் தோன்றும்.

போல்ட்டுக்குப் போகும் முறுக்கும் முழுதாகப் பிடிப்பாக மாறுவதில்லை. ஏறத்தாழ பாதி போல்ட் தலையின் அடியில் உராய்வாகவே செலவாகிவிடும். இன்னொரு நாற்பது சதவீதத்தை மரையில் உள்ள உராய்வு விழுங்கும். மிச்சம் பத்து சதவீதம்தான் போல்ட்டை நீட்டுகிறது. ஆகவே உராய்வு கொஞ்சம் மாறினாலும் பிடிப்பு தலைகீழாகும். 10 மில்லிமீட்டர் போல்ட்டை உலர்ந்த மரையில் 60 நியூட்டன் மீட்டர் வைத்தால் கிடைக்கும் பிடிப்பு சுமார் 3 டன். அதே 60-ஐ மரையிலும் தலையடியிலும் எஞ்சின் ஆயில் தொட்டு வைத்தால் சுமார் 4 டன். மாலிப்டினம் கிரீஸ் பூசினால் 5 டன்னைத் தொட்டு, போல்ட் தாங்கும் எல்லையே கேள்விக்குறியாகும். ஆயில் தொட்ட போல்ட் 'சட்டென்று' வருவதையும் துரு ஏறிய போல்ட் 'கிறீச்' என்று முரண்டு பிடிப்பதையும் கை உணரும்தான். ஆனால் முரண்டு பிடிப்பதையே நல்ல டைட் என்று எடுத்துக்கொள்ளும். பிடிப்பே இல்லாத போல்ட்டை முடித்துவிட்டோம் என்று நம்ப வைப்பது இந்தக் 'கிறீச்'தான்.

கைராசிக் கட்சியின் ஆகச் சிறந்த வாதம் இங்கேதான் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. போல்ட் இணைப்புகள் பற்றிய பொறியியல் கையேடுகளில் ஒரு பழைய பட்டியல் உண்டு. கை உணர்வால் இறுக்கினால் பிடிப்பு 35 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். டார்க் ரெஞ்சால் இறுக்கினால் 25 சதவீதம் என்கிறது அந்தப் பட்டியல். படித்த மெக்கானிக் யாராவது இதை எடுத்து நீட்டி, "பத்து பர்சென்டுக்குத்தானா இவ்வளவு அலட்டல்?" என்று கேட்டால் சட்டென்று பதில் வராது.

பதில் உண்டு. டார்க் ரெஞ்சின் அந்த 25-இல் பெரும்பங்கு கருவியின் பிழையே கிடையாது. மேலே சொன்ன உராய்வு செய்கிற வேலை அது. ஒரே எஞ்சினில், ஒரே பெட்டியிலிருந்து வந்த போல்ட்டுகளை, ஒரே மாதிரி துடைத்து, ஒரே ஆயில் தொட்டு வைக்கும்போது அந்த வேறுபாடு தானாகச் சுருங்கும். கையின் 35-இல் உராய்வும் இருக்கிறது, அதன் மேல் கையின் தடுமாற்றமும் இருக்கிறது. துடைத்தாலும் ஆயில் தொட்டாலும் இரண்டாவது குறையாது. 4 டன் வர வேண்டிய இடத்தில் 35 சதவீதம் என்றால் ஒரு போல்ட் 2.6 டன்னிலும் பக்கத்துப் போல்ட் 5.4 டன்னிலும் நிற்கலாம். ஒன்றுக்கு மற்றது இரண்டு மடங்கு. ஹெட்டுக்கு வேண்டியது எல்லாப் போல்ட்டும் சம இறுக்கம். அதைக் கொடுப்பதில்தான் கை தோற்கிறது.

அதோடு, டார்க் ரெஞ்சும் போதாது என்று எஞ்சின் கம்பெனிகளே முடிவுக்கு வந்து வெகுநாளாகிறது. இன்றைய கார், லாரி எஞ்சின்கள் பலவற்றின் சர்வீஸ் கையேட்டில் ஹெட் போல்ட்டுக்கு ஒரு நியூட்டன் மீட்டர் எண் மட்டும் இருக்காது. முதலில் சிறிய டார்க், பிறகு 90 டிகிரி திருப்பு, மறுபடி 90 டிகிரி திருப்பு என்று இருக்கும். காரணம் எளிது. ஒன்றரை மில்லிமீட்டர் பிட்ச் உள்ள மரையில் கால் சுற்று திருப்பினால் போல்ட் 0.375 மில்லிமீட்டர் இறங்கும். உராய்வு கூடினாலும் குறைந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. முறுக்கை நம்பாமல் நீட்சியையே நேராகப் பிடிக்கும் வழி இது. கையேடு இந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்க, பட்டறை எதிர்ப்பக்கம் நகர்கிறது. கம்ப்ரசர் இருக்கிற ஷெட்டுகளில் இப்போது ஏர் கன் வைத்தே ஹெட்டை ஏற்றி முடிப்பதைப் பார்க்கலாம். அதில் கை உணர்வுகூட இல்லை, வெறும் சத்தம்தான்.

"அந்தக் காலத்து லேலண்ட், டாட்டா எல்லாம் கை டைட்டில்தானே பல லட்சம் கிலோமீட்டர் ஓடின?" என்பது அடுத்த கேள்வி. ஓடின. அந்த எஞ்சின்களின் ஹெட் வார்ப்பிரும்பு, பிளாக்கும் வார்ப்பிரும்பு. சூடானால் இரண்டும் ஒன்றாக விரியும். கேஸ்கட் தடியாக, அமுங்கிக் கொடுப்பதாக இருந்தது. சிலிண்டர் அழுத்தமும் குறைவு. ஹெட் வேலை முடிந்து கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து 'ரீ-டைட்' வைப்பது வழக்கமாக இருந்ததையும் மறக்கக்கூடாது. முதல் தடவை விட்ட பிழையை இரண்டாம் தடவை கொஞ்சம் சரிக்கட்டிக்கொள்ள அது வாய்ப்பளித்தது.

இன்றைய கார் எஞ்சினில் ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள அலுமினிய ஹெட் 70 டிகிரி சூடேறினால், போல்ட்டைவிட 0.08 மில்லிமீட்டர் அளவுக்குக் கூடுதலாக வளர்ந்து போல்ட்டை மேலும் இழுக்கும். குளிர்ந்த எஞ்சினில் 'இன்னும் ஒரு இழு இழுத்துவிடலாம்' என்று வைத்த டைட், சூடான எஞ்சினில் மரையைப் பிய்க்கும் டைட். கேஸ்கட்டும் பல அடுக்கு எஃகுத் தகடாக மாறிவிட்டது. மேடு பள்ளத்தை மன்னிக்கிற குணம் அதற்குக் கிடையாது. ரீ-டைட்டோ, டிகிரி கணக்கில் நீட்டப்பட்ட போல்ட்டுகளுக்குக் கெடுதலே செய்யும். பழைய எஞ்சின் ஓடியதற்குக் காரணம் கையின் பெருமையைவிட எஞ்சினின் பொறுமை என்பதே சரி.

இந்த மாவட்டத்தில் அந்தப் பொறுமைக்கு ஒரு பரீட்சைக் களமும் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் 50 கிலோமீட்டர். அதற்குள் சாலை ஏறத்தாழ 400 மீட்டர் ஏறுகிறது. கிரானைட் பாறை ஏற்றிய டிரெய்லர் சித்திரை வெயிலில் சூளகிரிப் பக்கம் ஏறும்போது எஞ்சின் முழு மூச்சில் வேலை செய்யும். சமதரையில் ஓடிப் பார்த்து 'ஓகே' சொல்லப்பட்ட ஹெட், இந்த ஏற்றத்தில்தான் தன் உண்மையைச் சொல்லும். டெம்பரேச்சர் முள் ஏறும், ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்கும், ஓட்டுநர் ஓரங்கட்டுவார். மறுநாள் ஷெட்டில் தீர்ப்பு தயாராக இருக்கும்: "கேஸ்கட் டூப்ளிகேட் சார்."

போல்ட்டையே மாற்றாமல் விடுவதும் கைராசி நம்பிக்கையின் உடன்பிறப்புதான். நீட்டி இறுக்கும் வகைப் போல்ட்டை ஒருமுறை கழற்றினால் பல கம்பெனிகள் புதிது போடச் சொல்லும். சில கம்பெனிகள் அதிகபட்ச நீளம் ஒன்றைக் கொடுத்து, வெர்னியரில் அளந்து அதற்குள் இருந்தால் போடலாம் என்று சொல்லும். ஷெட்டில் நடப்பது வேறு. போல்ட்டை டீசலில் கழுவி, வெளிச்சத்தில் ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்று எடுத்து வைப்பார்கள். ஒன்றிரண்டு தொலைந்தால் ஹார்டுவேர் கடையிலிருந்து அதே மாதிரி 'ஹை டென்சில்' வரும். தலையில் 8.8 இருக்கிறதா 10.9 இருக்கிறதா என்று பார்ப்பவர் குறைவு. அரை மில்லிமீட்டர் நீண்டு நடுவில் இளைத்துப்போன போல்ட்டைக் கண் கண்டுபிடிக்காது.

கண்ணளவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1990 ஜூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து மலாகா நகருக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் முன்கண்ணாடி, 17,000 அடிக்கு மேல் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடம்பு வெளியே இழுக்கப்பட்டது. சக ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொண்டு உயிரோடு தரையிறக்கினார்கள். கிளம்புவதற்குச் சற்று முன்னால்தான் அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. மாட்டிய 90 போல்ட்டுகளில் 84 விட்டம் குறைந்தவை. வேலையைச் செய்தவர் கற்றுக்குட்டி இல்லை. அனுபவம் மிக்க ஷிஃப்ட் மேலாளர். கழற்றிய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்டோரில் அதே மாதிரி இருந்ததைக் கண்ணால் பார்த்து எடுத்தார். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அனுபவம் கூடக் கூட அளக்கும் பழக்கம் குறையும் என்பதுதான் அந்த விபத்தின் சங்கடமான செய்தி. ஷெட்டில் நடப்பதும் அதே வேலைதான். வானத்தில் நடக்காததால் யாரும் விசாரணை வைப்பதில்லை.

இதெல்லாம் ஓசூருக்குத் தெரியாத கதை என்றால்கூட மன்னிக்கலாம். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்து, 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து வெளிவந்து, பிறகு டைட்டன் கைக்கடிகாரம் வந்த ஊர் இது. ஊசிமுனை அளவுகளை வைத்தே பிழைப்பு நடத்தும் ஊர். பெரிய எஞ்சின் ஆலை எதிலும் ஹெட் போல்ட் எப்படி இறுக்கப்படுகிறது என்று அங்கே வேலை செய்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பல போல்ட்டுகளை ஒரே நேரத்தில் திருப்பும் மின்சார நட்ரன்னர். ஒவ்வொரு போல்ட்டின் டார்க்கும் கோணமும் கம்ப்யூட்டரில் எஞ்சின் நம்பரோடு பதிவாகும். ஒன்று பிசகினால் சிவப்பு விளக்கு எரிந்து லைன் நிற்கும். கார், பைக் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கொடுக்கும் சிறு ஆலைகள் பலவும்கூட ஐ.ஏ.டி.எஃப். 16949 தரச் சான்றிதழ் வைத்திருக்கின்றன. ஆடிட்டர் வந்து டார்க் ரெஞ்சின் காலிபரேஷன் ஸ்டிக்கரில் தேதி தாண்டியிருப்பதைப் பார்த்தால் மேலாளருக்கு வியர்க்கும். அங்கே ஷிஃப்ட் முடித்துப் பஸ்ஸில் இறங்குபவர், தன் பைக்கை விடும் ஷெட்டில், மரைச் சத்தம் கேட்டு டைட் வைக்கப்படுவதைத் தலையாட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஆலைக்குள் குற்றமாக இருப்பது மதிலுக்கு வெளியே எப்படித் திறமையாகிறது? ஐ.டி.ஐ. மோட்டார் மெக்கானிக் பாடத்தில் டார்க் ரெஞ்ச் இருக்கிறது. படித்து வந்த பையன் முதல் வாரமே அதை மறக்கக் கற்றுக்கொள்கிறான். மறக்கக் கற்றுக்கொடுப்பவர் மேஸ்திரி.

எதிர்ப்பக்கம் கிளம்பியிருக்கும் புதிய மூடநம்பிக்கை ஒன்றையும் சேர்த்தே மறுக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் வாங்கிவிட்டால் தீர்ந்தது, 'க்ளிக்' கேட்டால் எல்லாம் சரி என்பது அது. பெங்களூரு ஜே.சி. ரோட்டிலோ எஸ்.பி. ரோட்டிலோ, இல்லை ஆன்லைனிலோ, பளபளக்கும் பெட்டியில் ஒன்றை வாங்கி வந்து, அதைச் சுவரில் மாட்டிவைப்பதே சான்றிதழ் என்று நினைக்கும் ஷெட்டுகள் முளைத்திருக்கின்றன. சரிபார்க்காத டார்க் ரெஞ்ச் கையைவிட மோசம். கைக்கு ஒரு சின்ன சந்தேகமாவது இருக்கும். க்ளிக் சத்தத்துக்குச் சந்தேகமே வராது.

வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது பிராண்டைவிட ரேஞ்ச். பட்டறைக்காரர் வழக்கமாகக் கேட்பது "பெரிசா ஒண்ணு கொடுங்க". கையால் இயக்கும் டார்க் ரெஞ்சுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 6789 தரம், முழு அளவின் 20 சதவீதத்திலிருந்து மேலேதான் துல்லியத்தைக் கேட்கிறது. 200 நியூட்டன் மீட்டர் ரெஞ்சில் 40-க்குக் கீழே நம்ப முடியாது. பைக் எஞ்சினில் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு வேண்டியது 10 நியூட்டன் மீட்டர் வாக்கில்தான். அங்கே பெரிய ரெஞ்சை வைத்தால் க்ளிக் வருவதற்குள் அலுமினியத்தில் மரை போய், லேத் பட்டறையில் ஹெலிகாயில் போடும் வேலை சேர்ந்துவிடும். காரும் பைக்கும் வருகிற ஷெட்டுக்குக் குறைந்தது இரண்டு ரெஞ்ச் வேண்டும்: 5-லிருந்து 25 வரை ஒன்று, 40-லிருந்து 200 வரை ஒன்று. லாரி வேலைக்கு அதற்கு மேல்.

அடுத்தது ஸ்கேல். பல ரெஞ்சுகளில் ஒரு பக்கம் நியூட்டன் மீட்டர், மறுபக்கம் அடி-பவுண்டு. கையேட்டில் 60 நியூட்டன் மீட்டர் என்று இருக்க, மறுபக்கத்தில் 60-ஐ வைத்துவிட்டால் போல்ட்டில் விழுவது 81. பழைய லாரி கையேடுகள் கே.ஜி.எம். கணக்கில் பேசும்; அங்கே 10 என்பது 98 நியூட்டன் மீட்டர். இதைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தாலே பாதி விபத்து தீரும்.

ஐ.எஸ்.ஓ. 6789 கேட்கும் துல்லியம், 10 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட க்ளிக் ரெஞ்சுகளுக்குக் கூடக் குறைய 4 சதவீதம். பெட்டிக்குள் வரும் சான்றிதழில் எழுதியிருக்கும் சீரியல் நம்பரும் ரெஞ்சின் உடம்பில் பொறித்திருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம்பரே இல்லாத சான்றிதழ் அச்சடித்த காகிதம் மட்டுமே. வருடத்துக்கு ஒருமுறை, அல்லது 5,000 க்ளிக்குக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது காலிபரேஷனுக்குக் கொடுக்க வேண்டும், என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள லேப் என்றால் நிம்மதி. வேலை முடிந்ததும் ஸ்கேலை அதன் கீழ் அளவுக்குத் தளர்த்தி வைக்கவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் சோர்ந்துபோகும். அதை வைத்து இறுகிய போல்ட்டைக் கழற்றுவதும், அதன் கைப்பிடியில் பைப் செருகுவதும் ரெஞ்சைக் கொல்கிற வேலைகள். துரதிருஷ்டவசமாக, ஷெட்டில் நீளமான கைப்பிடியாக அதுதான் முதலில் கைக்கு அகப்படும்.

க்ளிக் ரெஞ்சுக்குப் பணம் இல்லையென்றால் முள் காட்டும் பீம் ரெஞ்ச் போதும். விலை குறைவு. உள்ளே சோர்ந்துபோக ஸ்பிரிங் கிடையாது, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தாலே ஆரோக்கியம் தெரிந்துவிடும். பார்க்கப் பழையதாக இருக்கும் என்பதால் கடைக்காரர்களும் அதைக் காட்டுவதில்லை, வாங்குபவர்களும் கேட்பதில்லை.

லேபுக்கு அனுப்புவதற்கு நடுவில் ரெஞ்சை ஷெட்டிலேயே சோதிக்கலாம். வைஸில் ஒரு பெரிய போல்ட்டைப் படுக்கைவாட்டில் அழுத்திப் பிடித்து, அதில் சாக்கெட்டோடு ரெஞ்சைக் கிடைமட்டமாக நிறுத்துங்கள். டிரைவின் நடுவிலிருந்து 45 சென்டிமீட்டர் அளந்து, கைப்பிடியில் அந்த இடத்தில் 20 கிலோ எடைக்கல்லைக் கயிற்றில் தொங்கவிட்டால் 88 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் சொந்த எடை இன்னும் இரண்டு மூன்று கூட்டும். ஆக 91 வாக்கில். ஸ்கேலை 80-இல் வைத்தால் எடை தொங்கியதும் க்ளிக் வரும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் எடை தொங்கியும் க்ளிக் வராது. அந்த இடம் 91-க்குப் பக்கத்தில் இருந்தால் ரெஞ்ச் பிழைத்தது. 100-ஐத் தாண்டியோ 80-க்குக் கீழோ இருந்தால் பெட்டியில் போட்டு மூடிவிடலாம். லேப் சான்றிதழுக்கு இது ஈடாகாது. ஆனால் பொய் சொல்லும் ரெஞ்சைப் பிடித்துக்கொடுக்க இது போதும்.

கைக்கு வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது. பிளாக்கில் இருக்கும் போல்ட் குழிக்குள் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அதற்குப் போக்கிடம் கிடையாது. அழுத்தம் ஏறிப் பிளாக்கே விரிசல் விடும். குழியின் அடியில் கசடு இருந்தால் போல்ட் அதில் முட்டி நின்று டைட் ஆனதுபோல நடிக்கும். இங்கே கையும் ஏமாறும், டார்க் ரெஞ்சும் ஏமாறும். காற்றடித்து, துணி விட்டுத் துடைத்து, மரையைச் சுத்தம் செய்து, ஒவ்வொரு போல்ட்டும் விரலாலேயே கடைசி வரை இறங்குகிறதா என்று பார்ப்பதில்தான் இருபது வருட அனுபவத்தின் மதிப்பு. ஸ்ட்ரெயிட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வைத்து ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்ப்பது, நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே போகும் வரிசையில் மூன்று நான்கு சுற்றாக இறுக்குவது, கழற்றும்போது அதற்குத் தலைகீழாகப் போவது எல்லாம் பொறுமைசாலிகளின் வேலை. இந்தத் திறமைகளைக் கொண்டாடுவதை விட்டுவிட்டு, கையால் செய்ய முடியாத ஒரே வேலையைக் கையின் பெருமையாகக் கொண்டாடுகிறோம்.

மிச்சமிருப்பது காசு. "கஸ்டமர் கொடுக்க மாட்டார் சார்" என்ற புகாரில் நியாயம் இருக்கிறது. கேஸ்கட் செட்டுக்கும் ஹெட் ஃபேஸிங்குக்கும் பில் கேட்காமல் பணம் கொடுக்கும் வண்டிக்காரர், புது ஹெட் போல்ட் என்று எழுதியதும் "அதெதுக்கு?" என்று பேரம் பேசுவார். பேரத்தில் ஜெயித்துவிட்டுச் சூளகிரி ஏற்றத்தில் தோற்பார். டிப்பர் மூன்று நாள் நின்றால் போகும் வாடகையில் போல்ட் செட்டும் வரும், நடுத்தர டார்க் ரெஞ்சும் வரும். எழுதிக் கொடுக்கும் பழக்கம் வந்தால் இது மாறும்: ஜாப் கார்டில் போல்ட் புதியதா பழையதா, எந்த எண்ணில் இறுக்கப்பட்டது, எத்தனை டிகிரி, எந்த ரெஞ்ச், அதன் காலிபரேஷன் தேதி என்று நான்கைந்து கட்டங்கள். ஆலைகளில் அன்றாடம் நிரப்பும் காகிதம்தான் அது. ஓசூரின் சிறுதொழில் சங்கமான ஹோஸ்டியா போன்ற அமைப்புகள் மனம் வைத்தால், உறுப்பினர் ஆலைகளுக்கு வரும் காலிபரேஷன் லேப்காரரையே வருடத்தில் ஒருநாள் பட்டறைகளுக்கும் வரவைக்கலாம். பத்துப் பட்டறை சேர்ந்தால் ஆளுக்கு விழும் செலவு பெரிதாக இருக்காது.

கடைசியாக ஒரு சாக்கு கேட்கிறது. மின்வண்டி வந்துவிட்டது, ஹெட்டே இல்லாத வண்டிக்கு எதற்கு ஹெட் போல்ட் பாடம் என்கிறார்கள். மின் ஸ்கூட்டர் தயாரிக்கும் ஏத்தர் ஓசூரில் இருக்கிறது, ஓலா போச்சம்பள்ளியில் இருக்கிறது, உண்மைதான். அந்த ஸ்கூட்டர்களிலும் பேட்டரி பெட்டி போல்ட்டுக்கும் மோட்டார் மவுண்டுக்கும் ஆக்ஸில் நட்டுக்கும் டார்க் எண் இருக்கிறது. அவையும் அலுமினியத்தில் ஏறும் போல்ட்டுகள்தான். டீசல் லாரியும் உடனே ஓடிப்போய்விடாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான பி.எஸ். 6 லாரிகளும் டிப்பர்களும் கம்பெனி வாரன்டி முடிந்து சாலையோர ஷெட்டுகளுக்கு வரத் தொடங்கிவிட்டன. அவற்றின் ஹெட்டைத் திறப்பவருக்குச் சரிபார்த்த டார்க் ரெஞ்ச், டிகிரி காட்டும் ஆங்கிள் கேஜ், அந்த எஞ்சினுக்கான சர்வீஸ் கையேடு மூன்றும் வேண்டும். புது போல்ட்டின் விலையை எஸ்டிமேட்டின் முதல் வரியிலேயே எழுதிவிட்டால் வண்டிக்காரரோடு பிறகு பேரம் இருக்காது.